பாரடைஸ் ஊரில் நான் பார்த்த கோப்புகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வருவாய்த் துறையில் சேர்ந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். குடிசை எரிந்தால் வி.ஏ.ஓ. அறிக்கை, ஆர்.ஐ. விசாரணை, பொழுது சாய்வதற்குள் வேட்டி சேலை, அரிசி, கையில் கொஞ்சம் ரொக்கம். இந்த வேலையைப் பல வருஷம் செய்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த வேலையிலும் இருந்தேன். அதனால்தான் 2019 மார்ச்சில் வட கலிபோர்னியாவின் சிக்கோ நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, பக்கத்து மலையில் எரிந்துபோன ஊரைப் பற்றி ஊர்க்காரர்களைவிட நான் அதிகம் கேள்வி கேட்டேன் என்று மருமகள் சொல்வாள்.

அந்த ஊரின் பெயர் பாரடைஸ். சிக்கோவிலிருந்து ஸ்கைவே என்ற மலைச்சாலையில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பைன் மரக் காட்டுக்குள் இருபத்தாறாயிரம் பேர் வாழ்ந்த ஊர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பெருநகர விலைக்கு வீடு வாங்க முடியாதவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். 2018 நவம்பர் 8-ஆம் தேதி காலையில் புல்கா என்ற சிற்றூருக்கு அருகே, பி.ஜி. அண்ட் ஈ. மின் நிறுவனத்தின் உயரழுத்தக் கம்பியைத் தாங்கிய பழைய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்தது. அங்கே பிடித்த தீ காற்றோடு சேர்ந்து சில மணி நேரத்தில் ஊரை விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். 18,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அந்த நிறுவனம் 2020 ஜூனில் நீதிமன்றத்தில் 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தீயைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும்.

என் மகன் வீட்டின் பின்னறையில் ஒரு அம்மா தங்கியிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பாரடைஸில் சொந்த வீடு வைத்திருந்தவர். மருமகள் வேலை பார்க்கும் பள்ளியில் அவருடைய தோழி ஒருவர் இருந்தார். அந்த வழியாக வந்தவர். அப்போது சிக்கோவில் வாடகைக்கு வீடே கிடையாது. தீ நடந்த வாரத்தில் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடாரம் போட்டுப் படுத்திருந்தார்களாம். நான் போனபோது அந்தக் கூடாரங்கள் இல்லை. ஆனால் உறவினர் வீட்டு கராஜ்களில், கார்களில், நண்பர்களின் தோட்டத்தில் நிறுத்திய டிரெய்லர்களில் (காரில் கட்டி இழுக்கும் சக்கர வீடுகள்) மக்கள் இருந்தார்கள்.

ஒரு நாள் காலை அவர் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள், "மாமா, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும், கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஃபெமா என்ற மத்தியப் பேரிடர் நிர்வாகத்தின் கடிதம் ஒன்று: "காப்பீடு இருப்பதால் தகுதியில்லை". காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் ஒன்று: வீட்டுக்குள் இருந்த பொருட்களை அறை அறையாகப் பட்டியலிடச் சொல்லி, வாங்கிய வருஷம், வாங்கிய விலை உட்பட. எஸ்.பி.ஏ. என்ற சிறுதொழில் நிர்வாகத்தின் கடன் விண்ணப்பம். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தின் நுழைவு ஒப்புதல் படிவம். குடிநீர் வாரியத்தின் அறிவிப்பு. வரிசை எண் ஒவ்வொன்றிலும் வேறு. பிறந்த தேதி, முகவரி, எரிந்த தேதி, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றை அந்த அம்மா ஒவ்வொரு படிவத்திலும் தன் கையாலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் அவர் ஃபெமா கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார். அது முடிவு அல்ல. காப்பீடு எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தக் காகிதத்தைக் கொடுத்து மறுபடி கேட்கலாம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது எழுதியிருந்தது. தகுதியில்லை என்ற வரியைப் படித்துவிட்ட மனிதர் இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார். முப்பது வருஷ அனுபவத்தில் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

அலுவலகங்கள் எதுவும் சும்மா இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இடிபாடு அகற்றிய வேலையை நேரில் பார்த்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது. முதலில் சுற்றுச்சூழல் துறையினர் வீடு வீடாகப் போய் பேட்டரி, பெயிண்ட், எரிவாயு உருளை, கல்நார் போன்ற நச்சுப் பொருட்களை எடுத்தார்கள். அதன் பிறகு மாநில அரசின் குழு. சொந்தக்காரர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் செலவில்லாமல் மனையைச் சுத்தம் செய்து கொடுப்பார்கள். காப்பீட்டில் இடிபாட்டுக்கென்று தொகை இருந்தால் அது மட்டும் கவுண்டிக்குப் போகும். அந்த அம்மாவின் மனைக்கு அவரோடு போயிருந்தேன். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட நாலைந்து பேர். ஒருவர் தூசி எழாமல் குழாயால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். லாரியின் உட்புறம் முழுக்க கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, சாம்பலை அள்ளிப் போட்டு, தாளை மடித்துப் பொட்டலமாகக் கட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. சாம்பலுக்குக் கீழே இருந்த மண்ணையும் சுரண்டி எடுத்து, மிச்ச மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பரிசோதனை முடிவு சரியாக வந்தால்தான் அந்த மனையில் கட்ட அனுமதி. 36 லட்சம் டன்னுக்கு மேல் இப்படி அகற்றினார்கள். 2019 நவம்பரில், ஒரே வருஷத்தில், அந்த வேலை முடிந்துவிட்டது.

குழு வருவதற்கு முன்னால் இன்னொரு சிறு கூட்டம் வந்தது. அந்த அம்மாவின் கணவருடைய அஸ்தி வீட்டு அலமாரியில் ஒரு பீங்கான் கலயத்தில் இருந்ததாம். எரிந்த வீட்டின் சாம்பலுக்குள் மனித அஸ்தியை மோப்பம் பிடித்துக் காட்டப் பழக்கிய நாய்களோடு, தொல்லியல் படித்த தன்னார்வலர்கள் வந்தார்கள். நாய் ஓரிடத்தில் படுத்துவிட்டது. அங்கே கரண்டியால் மெல்லக் கிளறி, நிறம் மாறிய பொடியைத் தனியே எடுத்து ஒரு பையில் கொடுத்தார்கள். எந்திரம் அள்ளுவதற்கு முன் இவர்களைக் கூப்பிட வேண்டும் என்று அவரிடம் எந்த அலுவலகமும் சொல்லவில்லை. தேவாலயத்தில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். இரண்டு நாள் தாமதித்திருந்தால் லாரியில் போயிருக்கும்.

இப்படி ஒவ்வொரு கையும் தன் வேலையைச் செய்தது. ஒரு கை செய்வது இன்னொரு கையைத் தடுத்தபோது தீர்த்துவைக்க மேலே ஒருவர் இல்லை. அதற்கு நான் கண்ட பெரிய உதாரணம் டிரெய்லர் விவகாரம். சிக்கோவில் இடம் இல்லை என்பதால், பாரடைஸ் நகர மன்றம் 2018 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டது: உங்கள் மனையிலேயே டிரெய்லரை நிறுத்தித் தங்கிக்கொள்ளலாம், இடிபாடு அகற்றாவிட்டாலும் பரவாயில்லை. மக்கள் கையிலிருந்த பணத்தைப் போட்டு டிரெய்லர் வாங்கினார்கள், மனைக்குப் போனார்கள். அடுத்த மாதம் ஃபெமாவிடமிருந்து எச்சரிக்கை வந்தது. தனியார் நிலத்து இடிபாட்டை அரசுப் பணத்தில் அகற்றுவதற்கு ஒரே நியாயம் அது மக்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்பதுதான். அதன் பக்கத்திலேயே குடியிருக்கலாம் என்று நீங்களே சொன்னால் ஆபத்து எங்கே இருக்கிறது, பணம் எதற்கு? விதிப்படி அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. பெரும் தொகை கைவிட்டுப் போகும் என்ற பயத்தில் 2019 பிப்ரவரியில் நகர மன்றம் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தில் அழாதவர்கள் குறைவு என்று அந்த அம்மா சொன்னார். டிரெய்லர் வாங்கியவர்கள் அதை எங்கே இழுத்துக்கொண்டு போவார்கள்? நகர மன்றம் செய்தது இரக்கத்தால், ஃபெமா செய்தது விதியால். சட்டம் போடுவதற்கு முன்னால் இரண்டு தரப்பும் ஒரு மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

2011-லேயே அமெரிக்காவில் தேசியப் பேரிடர் மீட்புச் சட்டகம் என்று ஒன்று எழுதி, ஆறு துறைகளாகப் பிரித்து, வீட்டுவசதிக்கு ஹட் என்ற மத்திய வீட்டுவசதித் துறையைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். காகிதத்தில் ஒருங்கிணைப்பு இருக்கிறது. ஆனால் ஹட் கையில் அன்றைய தேதிக்குப் பணம் இல்லை. பேரிடர் மீட்புக்கான அவர்களுடைய மானியத்துக்கு நிரந்தரச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு பேரிடருக்கும் நாடாளுமன்றம் தனியாக ஒதுக்க வேண்டும், பிறகு ஹட் விதிகளை அரசிதழில் வெளியிட வேண்டும், பிறகு மாநிலம் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பம். 2018 தீக்களுக்குக் கலிபோர்னியாவுக்குச் சுமார் நூறு கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதற்கான விதிகளே 2020 ஜனவரியில்தான் வந்தன. ஹவாயில் 2023 ஆகஸ்டில் லஹைனா எரிந்ததற்கு 160 கோடி டாலர் அறிவிப்பு வந்தது 2025 ஜனவரியில்.

அதுவரை ஒரு குடும்பத்தின் கையில் என்ன இருக்கிறது? வீட்டுக்கான ஃபெமா உதவிக்கு அந்த வருஷம் உச்சவரம்பு 34,900 டாலர். அங்கே அதில் அடித்தளம் போடலாம். காப்பீடு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பழைய கட்டுமான விலைக்கு வைத்திருந்தார்கள். மெர்செட் என்ற ஒரு சிறிய காப்பீட்டு நிறுவனம் இந்தத் தீயின் கோரிக்கைகளைத் தாங்க முடியாமல் ஒரே மாதத்தில் மூடப்பட்டது. மாநிலத்தின் உத்தரவாத அமைப்பு அந்தப் பாலிசிகளை எடுத்துக்கொண்டது. மின் நிறுவனம் திவாலுக்குப் போனதால் நஷ்டஈடு 1,350 கோடி டாலர் மதிப்பில் ஒரு அறக்கட்டளைக்குப் போனது, அதிலும் பாதி அந்த நிறுவனத்தின் பங்குகளாக. வீட்டை எரித்த நிறுவனத்தின் பங்கு விலை ஏறினால்தான் வீடு இழந்தவருக்கு முழுத்தொகை. இதற்கெல்லாம் மேலே, ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்ற மத்தியச் சட்டம். நியாயமான சட்டம்தான். ஆனால் எந்த இடத்திலிருந்து எவ்வளவு எப்போது வரும் என்று தெரியாத நிலையில், முதலில் வந்த பணத்தை வாங்கிச் செலவழிப்பதற்கே மக்கள் பயந்தார்கள்.

மனை சுத்தமானாலும் வேலை முடியவில்லை. குடிநீர்க் குழாய்களில் தீயின் வெப்பத்தில் பென்சீன் கலந்துவிட்டது. தப்பித்து நின்ற வீடுகளிலும் ஒரு வருஷத்துக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. ஊருக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். தொட்டி நன்றாக இருக்கிறது என்று சான்று வாங்க வேண்டும். எல்லைக்கல் காணாமல் போன இடத்தில் சர்வே எடுக்க வேண்டும். காட்டுத்தீப் பகுதிக்கான புதிய கட்டட விதிகள், வீட்டுக்குள் தீயணைக்கும் தண்ணீர் தெளிப்பான் உட்பட. கருகி நின்ற பைன் மரங்களை வெட்டுவதற்குத் தனித் திட்டம், தனி ஒப்புதல் படிவம். ஒப்புதல் கொடுத்த மனைக்கே எதற்கு இன்னொரு ஒப்புதல் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நிதித் தலைப்பு வேறு என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வருத்தமாக இருந்தது.

நாகையில் நாங்கள் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். தற்காலிகக் குடியிருப்புகளின் தார் ஷீட் கூரைக்குக் கீழே மே மாதத்தில் ஒரு மனிதன் உட்கார முடியாது. ஆனால் ஒன்று இருந்தது. எந்தக் கிராமத்துக்கு எந்தத் தொண்டு நிறுவனம் வீடு கட்டுகிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் ஒப்பந்தம் போட்டோம். தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒருங்கிணைப்பு மையம் நாகையிலேயே இயங்கியது. ஒரு ஊரில் கழிவுநீர் வழி தகராறு என்றால் யாரிடம் போக வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியும். வீட்டைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுத வேண்டும் என்ற முடிவும் அப்போது எடுத்ததுதான். பட்டியலில்தான் பிழை நடந்தது. படகும் வலையும் வைத்திருந்த குடும்பங்கள் முதலில் ஏறின. கருவாடு விற்ற பெண்களும் கரையோர விவசாயக் கூலிகளும் பட்டியலுக்குள் வரப் பல மாதங்கள் ஆயின.

பாரடைஸிலும் நல்ல ஏற்பாடு வந்தது, கொஞ்சம் தாமதமாக. ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் பில்டிங் ரெசிலியன்சி சென்டர் என்று திறந்தார்கள். கட்டட அனுமதி, திட்டமிடல், செப்டிக் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இன்னொன்று கேஸ் மேனேஜர். ஒரு குடும்பத்துக்கு ஒருவர். படிவம் நிரப்புவது, மேல்முறையீடு எழுதுவது, எந்தத் தொண்டு அமைப்பிடம் எதற்குப் பணம் இருக்கிறது என்று தேடுவது அவர் பொறுப்பு. அந்த அம்மாவுக்கு வந்தவர் சின்னப் பெண். முதல் நாளே ஒரு தடித்த அட்டைக் கோப்பில் எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரு தாளில் அடுத்து என்ன, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி ஒட்டினார். ஃபெமா மேல்முறையீட்டை அவரே எழுதினார். எங்கள் அலுவலகத்தில் நல்ல ஆர்.ஐ. ஒருவர் செய்கிற வேலை அது. இவரைத் தீ நடந்த முதல் மாதத்திலேயே அனுப்பியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தீராத ஆதங்கம். இடிபாடு அகற்றக் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் இவர்களுடைய சம்பளம் கணக்கிலேயே வராது.

இவ்வளவும் சொந்த மனை உள்ளவர் கதை. அந்த அம்மாவின் தோழி மொபைல் ஹோம் பார்க்கில், அதாவது வாடகைத் தரையில் நகர்த்தக்கூடிய வீடுகளை வைத்துக் குடியிருக்கும் இடத்தில், இருந்தவர். வீடு அவருடையது, தரை இன்னொருவருடையது. வீடு எரிந்த பிறகு அவருக்கு ஊரில் எதுவும் இல்லை. தரைக்காரர் பார்க்கை மறுபடி திறப்பாரா என்பது அவருடைய வியாபார முடிவு. வாடகைக்கு இருந்தவர்களுக்கும் இதே நிலைமை. அனுமதி, செப்டிக், சர்வே என்று நான் மேலே சொன்ன எந்தக் கோப்பிலும் குடியிருந்தவர் பெயர் கிடையாது, சொந்தக்காரர் பெயர்தான். லஹைனாவில் இன்னும் மோசம். வீடிழந்தவர்களுக்காக ஃபெமா வீடுகளை உயர்ந்த வாடகைக்கு எடுத்தபோது, அந்த வாடகைக்கு ஆசைப்பட்டு ஏற்கெனவே குடியிருந்தவர்களைச் சில உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள். தீ தொடாத குடும்பமும் அரசு உதவியால் தெருவுக்கு வந்தது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாரடைஸில் 4,764 பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டு வருகிறது, வீடுகள் கட்டுகிறார்கள். அந்த அம்மா கட்டவில்லை. வயதைக் கணக்குப் பார்த்து மனையை விற்றுவிட்டு ஒரேகானில் மகளோடு போய்ச் சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்றும் மருமகளுக்கு வாழ்த்து அட்டை வருகிறது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்த பிறகு, அதை ஒட்டிய ஆல்டடீனாவில் வாடகைக்கு இருந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போன் செய்தான். ராணுவப் பொறியாளர் படை இடிபாடு அகற்றுகிறது, வேகம் பாரடைஸைவிட அதிகம் என்றான். அது உண்மை. ஆனால் அகற்றிய பிறகு மண்ணைப் பரிசோதிக்க ஃபெமா இந்த முறை மறுத்துவிட்டது. கட்டுகிறவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு மொபைல் ஹோம் பார்க்குகளில் ஒன்றை அரசு சுத்தம் செய்தது, இன்னொன்றை வணிகச் சொத்து என்று விட்டுவிட்டது.

அவனிடம், "தம்பி, வாடகைக்கு இருந்தவனுக்கும் ஃபெமா பதிவு உண்டு. ஒப்பந்த நகல், கரண்ட் பில், பேங்க்ல வாடகை போன கணக்கு மூணையும் எடு. மார்ச் 31 கடைசி தேதி. தகுதியில்லைன்னு கடிதம் வந்தா தூக்கிப் போடாதே, ரெண்டாம் பக்கத்தைப் படி. கேஸ் மேனேஜர் யாருன்னு கேட்டு பேரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கு" என்று சொன்னேன். பதிவு செய்தான், மறுப்பு வந்தது, மேல்முறையீடு போட்டான், சில மாத வாடகை உதவி கிடைத்தது. இப்போது வேறு ஊரில் இருக்கிறான். அவன் இருந்த வீட்டின் உரிமையாளர் கட்ட அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். கட்டி முடித்த பிறகு பழைய குடித்தனக்காரருக்குப் பழைய வாடகையில் முதல் உரிமை கொடுக்க வேண்டும் என்று அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை கூடக் கிடையாது.